தப்புக் கணக்கில் எழுந்த மலை ஆஸ்பத்திரி

இதயம் சிறுத்துப்போனவர்களுக்குத்தான் காசநோய் வருகிறது என்று ஒரு டாக்டர் நம்பினார். மலைமேல் காற்றின் அழுத்தம் குறைவு. அங்கே கொண்டுபோய் வைத்தால் இதயம் சுறுசுறுப்பாகத் துடிக்கும், நுரையீரலுக்கு ரத்தம் தாராளமாகப் பாயும், நோய் விலகிவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. அது முழுக்கத் தப்பு. ஆனால் அந்தக் கணக்கை நம்பி அவர் கட்டிய ஆஸ்பத்திரிதான் உலகின் முதல் காசநோய் சானடோரியம் என்று மருத்துவ வரலாறு சொல்கிறது. போலந்தின் தென்மேற்கு மூலையில், செக் நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு மலைக் கிராமத்தில், தீயில் கருகிய செங்கல் கட்டடமாக அது நிற்கிறது.

அதைப் பற்றித் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட மலை ஆஸ்பத்திரிகள் உலகம் முழுவதும் காலியானதற்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு முக்கியமான காரணம். இந்தக் கதையின் நடுவிலும் முடிவிலும் நம் ஊர் இருக்கிறது.

கிராமத்தின் பெயர் சொகொவோஃப்ஸ்கோ. வ்ரோட்ஸ்வாஃப் நகரத்திலிருந்து ரயிலில் வால்ப்சிக் வரைக்கும் போய், அங்கிருந்து சாலை வழியாக மலைக்குள் நுழைய வேண்டும். வால்ப்சிக் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர். அதைத் தாண்டியதும் காடு சூழ்ந்துகொள்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம்தான். நம் ஏற்காட்டின் பாதி உயரம்கூட இல்லை. நான்கு பக்கமும் குன்றுகள் அணைத்து நிற்பதால் பலத்த காற்று உள்ளே வருவதில்லை. ஒரே ஒரு நீளத் தெரு, அதன் இருபுறமும் பழைய வீடுகள், அவற்றுக்கு மேலே எழும் சிவப்புக் கோபுரம். தேவாலயமோ, சிற்றரசர் யாராவது கட்டிய கோட்டையோ என்று முதலில் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கூர்வளைவு ஜன்னல்கள், படிப்படியாக ஏறும் முகப்புச் சுவர், மூலைக்கு ஒரு சிறு கோபுரம். ஹனோவர் நகரத்துக் கட்டடக் கலைஞர் எட்வின் ஓப்லர் வரைந்தது. கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தால் மேல்மாடித் தளம் இல்லாமல் நேரே வானம் தெரிகிற இடங்கள் சமீப காலம் வரை இருந்தன. 2005-ல் பிடித்த தீ கூரையையும் மாடிகளையும் தின்றுவிட்டது.

இதைக் கட்டிய ஹெர்மான் ப்ரேமர் 1826-ல் பிறந்தவர். முதலில் கணிதமும் இயற்கை அறிவியலும் படித்தார். பிறகுதான் பெர்லினில் மருத்துவத்துக்கு மாறினார். 1853-ல் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வுரையின் சாரம் ஒரே வரி: ஆரம்ப நிலையில் இருக்கும் காசநோயை எப்போதும் குணப்படுத்தலாம். இன்று அதில் அதிசயம் எதுவும் தெரியாது. ஆனால் எலும்புருக்கி வந்தவர் என்றால் நாள் குறித்தாகிவிட்டது என்று மருத்துவர்களே கைவிரித்த காலம் அது. ஐரோப்பிய நகரங்களில் ஆலைத் தொழிலாளியும் சாவான், கவிஞனும் சாவான். அந்த நிலையில் இருபத்தேழு வயதுப் பையன் ஒருவன் எழுந்து ‘எப்போதும்’ என்று எழுதுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

ப்ரேமருக்கே காசநோய் வந்தது, இமயமலைக்குப் போய்ச் செடிகொடி ஆராய்ந்துகொண்டிருந்தபோது குணமாகிவிட்டது, அந்த அனுபவத்தில்தான் ஆஸ்பத்திரி கட்டினார் என்றொரு கதை பல புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்க அழகாக இருக்கிறது. அவ்வளவு அழகாக இருப்பதாலேயே அதைக் கொஞ்சம் எட்ட வைத்துப் பார்ப்பது நல்லது. உண்மையில் அவரை இந்தப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தது குடும்ப உறவு. அவருடைய மனைவியின் அக்காள் தங்கை உறவில் மரீ ஃபான் கொலோம்ப் என்றொரு சீமாட்டி இருந்தார். குளிர்நீர்ச் சிகிச்சையில் பேர்போன ப்ரீஸ்னிட்ஸ் என்பவரின் முறையைப் பின்பற்றி அவர் இந்தக் கிராமத்தில் ஒரு நீர்ச் சிகிச்சை நிலையம் நடத்தினார். அப்போது ஊர் ப்ரஷ்யாவில் இருந்தது, பெயர் கோர்பர்ஸ்டார்ஃப். நிலையம் நொடித்துப்போனபோது ப்ரேமர் அதை எடுத்துக்கொண்டார். 1848 புரட்சியின்போது ஜனநாயகவாதிகளின் பக்கம் நின்றவர் என்பதால் அதிகாரிகள் அனுமதி தராமல் இழுத்தடித்தார்கள். பெரும் அறிஞர் அலெக்ஸாந்தர் ஃபான் ஹம்போல்ட் தலையிட்டு உதவினார். 1850-களின் நடுவில் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள்.

அவர்களுக்கு அங்கே என்ன கிடைத்தது? மருந்து கிடையாது, அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. நல்ல காற்று, நிறையச் சாப்பாடு, அளந்து கொடுத்த நடை, குளிர்ந்த நீர்த் தாரை, எந்நேரமும் டாக்டரின் கண்காணிப்பு. காட்டுக்குள் பாதைகள் வெட்டி, ஏற்றத்தின் அளவை வைத்து அவற்றைத் தரம் பிரித்திருந்தார். இன்னார் இன்ன பாதையில் இன்ன தூரம் நடக்கலாம் என்று சீட்டு எழுதிக் கொடுப்பது போலச் சொல்லி அனுப்புவார். களைப்பு வருவதற்கு முன்னால் உட்கார வேண்டும் என்பது விதி. அதற்காகப் பாதை நெடுகப் பெஞ்சுகள். பால் தாராளம், வெண்ணெய் தாராளம், ஒயினும் உண்டு. பசி இல்லாதவரையும் விடாமல் சாப்பிட வைத்தார்கள்.

அவருடைய நோயாளியாக வந்து, பிறகு உதவி மருத்துவராக ஆனவர் பேட்டர் டெட்வைலர். நடையைவிட ஓய்வுதான் முக்கியம் என்ற முடிவுக்கு வந்து, 1876-ல் ஃபால்கென்ஸ்டைன் என்ற இடத்தில் தனி சானடோரியம் தொடங்கினார். வராந்தாவில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், கழுத்து வரை கம்பளி, பனி பெய்தாலும் வெளியிலேயே படுக்கை. சானடோரியம் என்றதும் நம் மனத்தில் வரும் படம் இவர் கொடுத்தது. இன்னொரு பொருளையும் இவர் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் தட்டையான குப்பி, கருநீலக் கண்ணாடி, மேலே விசையில் திறக்கும் உலோக மூடி, அடிப்பக்கம் திருகிக் கழற்றிக் கழுவ இன்னொரு மூடி. கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். இருமல் வந்தால் சளியை அதில் துப்ப வேண்டும், தரையில் துப்பக் கூடாது. கண்ணாடி நீல நிறமாக இருப்பதால் உள்ளே சளியோடு ரத்தம் கலந்திருந்தாலும் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாது. நோயாளிகள் அதற்கு ‘நீல ஹைன்ரிஷ்’ என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். இந்தக் குப்பி என்னை உலுக்கியது. நம் பழைய சினிமாக்களில் வெள்ளைக் கைக்குட்டையில் சிவப்புத் திட்டு விழும். கதாநாயகி அதை ஒளிப்பாள். அந்த ஒளித்தலுக்காகவே ஒரு டாக்டர் கண்ணாடியின் நிறத்தை யோசித்திருக்கிறார். நோயாளியின் மானத்தையும் சிகிச்சையின் பகுதியாகப் பார்த்த மனிதர்கள் அவர்கள்.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோஹ் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். இதயத்தின் அளவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்பது உறுதியாகிவிட்டது. கோட்பாடு விழுந்தது, கட்டடம் விழவில்லை. சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் சானடோரியங்கள் பெருகின. கிருமி இருப்பது தெரிந்தது, கொல்ல வழி தெரியவில்லை. ஆகவே நோயாளியை ஊரிலிருந்து விலக்கி வைக்கவும் மலை தேவைப்பட்டது. அதே 1882-ல் அமெரிக்காவில் காசநோயோடு போராடிக்கொண்டிருந்த எட்வர்ட் ட்ரூடோ என்ற டாக்டர், ப்ரேமரின் ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் படித்தார். சாரனாக் ஏரிக்கரையில் சின்னச் சின்ன வீடுகளாக அமெரிக்காவின் புகழ்பெற்ற சானடோரியத்தை எழுப்பினார். சுவிட்சர்லாந்தின் தாவோஸ் பெரும் புகழ் பெற்று, தாமஸ் மன்னின் ‘மாய மலை’ நாவலுக்குக் களமானது. மூத்தது கோர்பர்ஸ்டார்ஃப், பெயர் வாங்கியது தாவோஸ். கொஞ்சம் வேதனையாகத்தான் இருக்கிறது.

ப்ரேமர் 1889-ல் இறந்தார். அதற்குள் அந்தச் சின்னக் கிராமத்தில் வேறு சானடோரியங்களும் வந்துவிட்டன. ஐரோப்பாவின் நாலா திசையிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். ரஷ்யாவிலிருந்து வந்தவர்களுக்காகக் கட்டிய சின்னஞ்சிறு ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இன்றும் நல்ல நிலையில் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். டாக்டர் டேவிட் சௌரிமுத்து. சென்னையிலிருந்து போய் இங்கிலாந்தில் டாக்டரானவர். சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய சானடோரியம், ப்ரேமரிடமிருந்து கிளைத்த திறந்தவெளிச் சிகிச்சையைப் பின்பற்றியது. 1914-ல் ‘நெவாசா’ கப்பலில் இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது அவரோடு பயணம் செய்தவர்களில் ஒருவர் சீனிவாச ராமானுஜன். 1917-ல் ராமானுஜனின் உடல்நிலை மோசமாகி, காசநோய் என்று சந்தேகித்தபோது, அதே சௌரிமுத்துவின் மெண்டிப் சானடோரியத்தில் கொஞ்ச காலம் சேர்த்தார்கள். பிறகு டெர்பிஷயரின் மாட்லாக்கில் நீண்ட காலம் இருந்தார்.

திறந்த ஜன்னல், கணப்பு இல்லாத அறை, குளிர்காலம், சைவச் சாப்பாட்டுப் பிரச்சினை. கும்பகோணத்தில் வளர்ந்த உடம்பு அதை எப்படித் தாங்கியிருக்கும்? குளியலறை மட்டும்தான் கதகதப்பாக இருக்கிறது, பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காரலாம் என்று இருக்கிறேன் என்று சானடோரிய நாட்களில் எழுதிய கடிதம் ஒன்றில் அவர் சொல்கிறார். சிலருக்கு உயிர் கொடுத்த முறை வேறு சிலருக்குத் தண்டனையாகவும் இருந்திருக்கிறது. அவருக்கு வந்தது காசநோய்தானா என்பதே சந்தேகம். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் டி. ஏ. பி. யங் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதினார். ராமானுஜன் 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். சௌரிமுத்துவும் பிற்பாடு சென்னைக்கு வந்தார். 1928-ல் தாம்பரத்தில் அவர் தொடங்கிய சானடோரியத்தை 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. இன்று மின்சார ரயிலில் ‘தாம்பரம் சானடோரியம்’ ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த டாக்டரைத் தெரியும்?

மறுபடி ப்ரேமரின் மலைக்குப் போவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எல்லைக்கோடுகள் நகர்ந்தன. அந்த வட்டாரம் போலந்துக்கு வந்தது. ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள், போலந்துக்காரர்கள் குடியேறினார்கள். ப்ரேமரிடம் உதவியாளராக இருந்த போலந்து டாக்டர் ஆல்ஃபிரட் சொகொவோஃப்ஸ்கியின் பெயர் ஊருக்கு வந்தது. ஆஸ்பத்திரி தொடர்ந்து நடந்தது. 1950-களில் அங்கே படுத்திருந்த நோயாளிகளில் ஓர் எஞ்சினியரும் உண்டு. அவர் போன சானடோரியங்களின் பின்னாலேயே குடும்பமும் ஊர் ஊராக அலைந்தது. அவருடைய மகன்தான் பின்னாளில் ‘டெகலாக்’, ‘மூன்று நிறங்கள்’ எடுத்த திரைப்பட இயக்குநர் க்ஷிஷ்டோஃப் கீஸ்லோஃப்ஸ்கி. ஊர்க் கொட்டகையில் சினிமா போடுவார்கள். டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. பையன்கள் கூரைமேல் ஏறிக் காற்றுப்போக்கி வழியாக எட்டிப் பார்ப்பார்கள். திரையின் ஒரு துண்டுதான் தெரியும். அந்தத் துண்டைப் பார்த்த நினைவை அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தந்தை அந்த நோயிலேயே இறந்துபோனார்.

அப்போதே காற்று மாறிவிட்டது. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின், சீக்கிரத்திலேயே பாஸ், 1952-ல் ஐசோனியாசிட். முதல்முறையாகக் கிருமியைக் கொல்லும் மருந்துகள். ஆனாலும் டாக்டர்கள் மலையை விடவில்லை. மருந்தும் வேண்டும், ஓய்வும் வேண்டும், சத்துணவும் வேண்டும், நோயாளி வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கே தொற்றும் என்பது நூறு வருட நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்க்கும் தேவை யாருக்கு வரும்? சானடோரியம் கட்டக் காசில்லாத நாட்டுக்குத்தான் வரும்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்த முயற்சி. முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கு வீடு, யாருக்கு சானடோரியம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே: ஒரு வருடம் ஐசோனியாசிடும் பாஸும்.

சானடோரியத்தில் காற்றோட்டமான வார்டு, கட்டில், பால், முட்டை, ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரே அறையில் முழுக் குடும்பம், அரைகுறைச் சாப்பாடு, முடிந்தபோது வேலைக்கும் போக வேண்டும். மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போவார்கள். மிச்ச மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்கள். சிறுநீரை வாங்கி மருந்து அதில் இறங்கியிருக்கிறதா என்று சோதிப்பார்கள். சந்துகளில் ஏறி இறங்கிய அந்த ஊழியர்களின் பெயர்கள் வரலாற்றுப் புத்தகங்களில் அதிகம் வருவதில்லை. வந்திருக்க வேண்டும்.

1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது, தொடங்கிய பிறகு ஆபத்து வேகமாகக் குறைகிறது. நூறு வருடங்களாக மலைமேல் கட்டிய எல்லாவற்றுக்கும் சேத்துப்பட்டு சொன்ன பதில் இது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடின, இல்லாவிட்டால் வேறு வேலைக்கு மாறின. ராமானுஜன் கடைசி மூச்சு விட்ட பேட்டையிலிருந்தே இந்தப் பதில் வந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மூடிய ஆஸ்பத்திரிகளுக்கு இப்போது ஒரு புது வியாபாரம் கிடைத்திருக்கிறது. பேய் நடமாட்டம். அமெரிக்காவின் கென்டக்கியில் குன்றின்மேல் இருக்கும் வேவர்லி ஹில்ஸ் சானடோரியத்தில், பிணங்களை இறக்கிய சுரங்கப்பாதையைக் காட்ட இரவு நேர டிக்கெட் விற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே செத்தவர்கள் பயமுறுத்துவதற்காகப் படுத்திருந்தவர்கள் அல்ல. பனியில் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு, அடுத்த மாதம் எடை கூடினால் வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தவர்கள்.

சொகொவோஃப்ஸ்கோ வேறு வழியைத் தேர்ந்தது நல்ல விஷயம். தீ விபத்துக்குப் பிறகு, 2007-ல் ‘இன் சீட்டு’ என்ற சமகாலக் கலை அறக்கட்டளை பாழடைந்த கட்டடத்தை வாங்கியது. கலைஞர்கள் சேர்ந்து இடிபாடுகளை அள்ளி, சுவர்களைத் தாங்கி நிறுத்தி, பகுதி பகுதியாகப் புதுப்பித்து வருகிறார்கள். கோடையில் கலை விழா நடக்கிறது. 2011 முதல் கீஸ்லோஃப்ஸ்கி நினைவாகத் திரைப்பட விழாவும் உண்டு. காற்றுப்போக்கி வழியாகப் படம் பார்த்த பையனுக்கு அதே ஊரில் விழா. நோபல் பரிசு பெற்ற ஓல்கா தொகார்ச்சுக் 2022-ல் எழுதிய ‘எம்புசியோன்’ நாவலின் கதை 1913-ன் கோர்பர்ஸ்டார்ஃபில் நடக்கிறது. நாவலைப் படித்துவிட்டு ஊரைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

கட்டடத்தைச் சுற்றி வந்தால் பின்பக்கம் பூங்கா மேலேறிக் காட்டோடு கலக்கிறது. ப்ரேமர் காலத்து நடைபாதைகளின் தடத்தை அங்கே இன்னும் பின்தொடரலாம். இந்த மனிதரை நாம் எப்படி எடைபோடுவது? அவருடைய இதயக் கோட்பாடு பொய். மலைக்காற்று கிருமியைக் கொல்லாது. ஆனால் ஒன்றில் அவர் சரி: அவருடைய சமையலறை.

வீட்டுச் சிகிச்சை வென்றபோது சாப்பாடு முக்கியமில்லை என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. மருந்து சரியாகப் போனால் போதும், பட்டினி கிடந்தாலும் குணமாகும் என்று திட்டம் போட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது முழு உண்மை அல்ல. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு 2023-ல் வெளியானது. சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்குபெற்றது. நோயாளிக்கு உணவுப் பை எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. பாதிக் குடும்பங்களில், கூட வசிக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளிகள் சாவது வெகுவாகக் குறைந்ததும் தெரியவந்தது.

உலகக் காசநோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆனது. நோயாளிக்கு மட்டும்தான். கூட உட்கார்ந்து சாப்பிடும் மனைவி, பிள்ளைகள், வயதான அம்மா ஆகியோருக்கான அரிசியும் பருப்பும் ஒவ்வொரு மாநிலத்தின் ரேஷன் கடை வழியாக இன்றே கொடுத்துவிடக்கூடியவை. கொடுக்க வேண்டும்.